லயங்களை வரைய வேண்டுமா? மலையகத் தோட்டங்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும்

நுவரெலியா வாசகர் ஒருவரின் கேள்வி: 3 பெப்ரவரி 2024

இலங்கை மலையகத்தில் லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம பக்கத்தை இப்போது சிலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் சேர்க்க, திருத்தக்கூடிய இணைய வரைபடம்) நிரப்பி வருகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளை லயம் லயமாக ஏன் வரைய வேண்டும்? தோட்டத்துக்கு ஒரு புள்ளி, ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) ஒரு கட்டடம், பிரதான பாதை. இவ்வளவு இருந்தால் வருகிறவர் வந்து சேர்ந்துவிடுவார். மிச்ச நேரத்தில் நீர்வீழ்ச்சி, மலையுச்சி, பழைய ரயில் பாதை என்று ஆட்கள் உண்மையில் தேடுகிறவற்றைச் சரிசெய்யலாமே?

பதில்: 3 பெப்ரவரி, இரவு

வந்து சேரமாட்டார். ஸ்டோருக்குத்தான் போய்ச் சேருவார்.

எங்கள் தோட்டத்தையே எடுங்கள். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லயங்கள், பிரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்), பிள்ளை மடுவம் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), மாரியம்மன் கோயில். ஸ்டோரிலிருந்து மேல்பிரிவுக்கு ஏறும் பாதையில் வேன் முதல் கியரைவிட்டு மாறாது. வரைபடத்தில் இத்தனைக்கும் ஒரே பெயர், ஒரே புள்ளி. தூரத்திலிருந்து செய்மதிப் படத்தைப் பார்த்து வைத்த புள்ளி அது. எது பெரிய கூரையோ அதன் மேல் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் பெரிய கூரை என்றால் எப்போதும் ஸ்டோர்தான்.

போன மழைக்காலத்தில் மேல்பிரிவில் ஒரு பெண்ணுக்கு நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தது. டவுனிலிருந்து பேசிப் பிடித்த வேன்காரர் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். போன் அவரை ஸ்டோர் வாசலில் நிறுத்திவிட்டது. வாட்சரை எழுப்பி, விளக்கம் சொல்லி, வழிகாட்ட ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு அவர் மேலே வருவதற்குள் பிள்ளை காம்பராவிலேயே (லயத்து அறையிலேயே) பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். அதற்குப் பிறகுதான் நான் லயங்களை வரைய உட்கார்ந்தேன்.

நீர்வீழ்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

5 பெப்ரவரி

எப்படி வரைவது என்று கேட்டவர்களுக்கு.

செய்மதிப் படத்தில் லயம் நீளப் பட்டையாகத் தெரியும். தனி லயம் ஒல்லியாக இருக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் அகலமாக, நடுவில் முகட்டுக் கோட்டோடு இருக்கும். முழுக் கூரையையும் ஒரே கட்டடமாக வரையுங்கள். அதைக் காம்பரா காம்பராவாகப் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பழைய காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் முன்னால் இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) அடைத்திருப்பார்கள், பின்னால் குசினி (சமையலறை) இறக்கியிருப்பார்கள், இரண்டு காம்பராவை ஒன்றாக்கியிருப்பார்கள். மேலேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

வரையும்முன் படம் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம்முடைய சரிவுகளில் செய்மதிப் படம் பக்கவாட்டில் விலகிக் கிடக்கும். ஒரு நிறுவனத்தின் படத்தில் பாலம் ஆற்றின் மேல் இருக்கும், இன்னொன்றில் ஆற்றங்கரையில் இருக்கும். யாராவது நடந்தோ ஓட்டியோ பதிவுசெய்த ஜிபிஎஸ் தடம் இருந்தால் அதன் வளைவுகளோடு படத்தின் வளைவுகளை ஒட்டவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தடம் இல்லாவிட்டால் போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒருமுறை நடந்து வந்தால் தடம் கிடைத்துவிடும்.

கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயர் எழுதக் கூடாது. அது அவர்களுடைய சொத்து. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது; ஆட்கள் தாங்களே சேகரித்ததும் அனுமதியோடு வாங்கியதும் மட்டும்தான் அதில் சேரலாம்.

6 பெப்ரவரி

கொட்டகலை அண்ணன் ஒவ்வொரு லயத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று குடும்பப் பெயரோடு போடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் அண்ணன். லயத்துக்கு நம்பர் இருந்தால் நம்பர், ஆட்கள் அழைக்கிற பெயர் இருந்தால் அந்தப் பெயர். அதோடு நிறுத்துங்கள். யாருடைய வீடு எது என்று உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் எழுத நமக்கு உரிமை இல்லை.

பீலிக்கரையை (லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தை) குறிக்கலாமா என்று அவரே கேட்டார். தாராளமாக. குடிநீர் எடுக்கும் இடம் என்று ஒரு வகை இருக்கிறது. காலையில் அங்கே நடக்கிற சண்டைக்குத்தான் இன்னும் வகை இல்லை.

11 பெப்ரவரி

இந்த முழுப் பகுதியிலும் என்னை அதிகம் வருத்துகிற பதிவு கட்டடம் பற்றியதல்ல. பாதை பற்றியது.

வெளிநாட்டிலிருந்து வரைந்த யாரோ தோட்டப் பாதைகளில் பலவற்றைத் 'தனியார், அனுமதி இல்லை' என்று பதிந்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. தேயிலைக்குள் போகிற பாதை, கம்பெனிக்குச் சொந்தம், ஆகவே தனியார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் வழிகாட்டும் செயலி அந்தப் பதிவைப் படித்துவிட்டு அந்தப் பாதையில் வண்டியை விடவே விடாது. பக்கத்துத் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டரில் போகவேண்டிய ஆளை டவுனுக்கு இறக்கி, வேறு வீதியில் ஏற்றி, சுற்றிக் கொண்டுபோகும். அல்லது வழியே இல்லை என்று சொல்லிவிடும்.

அந்தப் பாதையில் ஆட்டோ போகிறது, பள்ளிக்கூட வேன் போகிறது, கொழுந்து லொறி போகிறது, கோயில் தேர் போகிறது. ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபை (உள்ளூராட்சி சபை) சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் நிதியைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம், ஆனால் வீட்டு வாசலுக்குச் சபையின் பாதை வராது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே 2018 தேர்தலில் அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின: அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட், நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை. அவ்வளவு காலம் சட்டமே தோட்டத்துப் பாதையை ஊர்ப் பாதையாக எண்ணவில்லை. தூரத்திலிருந்து வரைந்தவரும் எண்ணவில்லை. நாமாவது எண்ணுவோம்.

என் யோசனை: 'உரிமையாளர் தடுக்காதவரை எல்லோரும் போகலாம்' என்ற பொருளில் ஒரு வகை இருக்கிறது. அதைப் போடுங்கள். செயலி அந்தப் பாதையைத் திறந்துவிடும். பாதை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள்ளும் நாம் போகத் தேவையில்லை.

18 பெப்ரவரி

மேலே சொன்னதில் இரண்டாம் யோசனை. சபையோ அரசாங்கத் திட்டமோ கொங்கிரீட் போட்டுப் பலகையும் நட்ட பாதைக்கு அந்த இடைப்பட்ட வகை போதாது. அது பொதுப் பாதை. பொது என்றே பதியுங்கள். பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் யாராவது மாற்ற வந்தாலும் காட்டலாம்.

துரை பங்களாவுக்கு (தோட்ட மேலாளரின் வீட்டுக்கு) ஏறும் பாதை உண்மையில் தனியார்தான். கேட் இருக்கும். கேட்டையும் ஒரு புள்ளியாகக் குறியுங்கள்.

2 மார்ச்

உயரங்கள். இதற்குத்தான் நுவரெலியா வாசகர் காத்திருக்கிறார்.

பட்டிப்பொலைக்கும் ஓகியாவுக்கும் இடையில் ரயில் பாதையின் உச்சியில் ஒரு பலகை நிற்கிறது. 6,226 அடி. மீட்டரில் 1,898. போன மாதம் ஒரு தம்பி ரயிலில் போகும்போது போனில் பார்த்து, அது 1,800 சொச்சம்தான் காட்டுகிறது, பலகை பிழை என்று எழுதினார். அங்கங்கே ஸ்டேஷன் உயரங்களையும் குறைத்து மாற்றத் தொடங்கியிருந்தார். தம்பி, தயவுசெய்து அந்த மாற்றங்களைத் திருப்பிவிடுங்கள். போன் பொய் சொல்லவில்லை, பலகையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு தரையிலிருந்து அளக்கின்றன.

ஜிபிஎஸ் பூமியை ஒரு சீரான, கணிதத்துக்கு வசதியான உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. பலகை கடல்மட்டத்திலிருந்து சொல்கிறது. கடல்மட்டம் சீரானதல்ல. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைவதால் கடலும் மேடு பள்ளமாகக் கிடக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளம் நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணித உருண்டையைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. இலங்கை அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் நம்மிடம் திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரம் எப்போதும் கிட்டத்தட்ட 100 மீட்டர் குறைவாகக் காட்டும். சில செயலிகள் இதைத் தாங்களே சரிசெய்துவிட்டுக் காட்டுகின்றன, சில செய்வதில்லை. உங்கள் செயலி எந்த வகை என்று தெரிய கொழும்பில் காலிமுகத்திடலில் நின்று பாருங்கள். கடலோரத்தில் நின்றுகொண்டு கடலுக்குக் கீழே 90 மீட்டர் என்று காட்டினால் அது திருத்தாத வகை.

எனக்கு இது தெரியவந்தபோது இரண்டு நாள் வேறு எதிலும் மனம் போகவில்லை. நாம் மலை மேல் நிற்கிறோம், நமக்குக் கீழே கடல் குழிந்து கிடக்கிறது!

3 மார்ச்

நீர்வீழ்ச்சிகள் வேறு ரகம். அங்கே கருவி பிரச்சினை இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதுதான் பிரச்சினை. தியலுமவுக்கு ஒரு இடத்தில் 171 மீட்டர், இன்னொரு இடத்தில் 220. பம்பரகந்தவுக்கு ஒரு இடத்தில் 241, இன்னொரு இடத்தில் 263. 241 என்பது பழைய 790 அடியை மீட்டராக்கியது. கிரிகல்பொத்த மலைக்கும் 2,388, 2,395 என்று இரண்டு எண்கள் சுற்றுகின்றன.

எது சரி என்று இங்கே உட்கார்ந்து வாக்கெடுப்பு நடத்த முடியாது. பத்துத் தளங்களில் ஒரே எண் இருந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது. ஒரே சாட்சியைப் பத்துப் பேர் பிரதி எடுத்தது. நீர்வீழ்ச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலேயிருக்கிற சின்னப் படிகளையும் குளங்களையும் சேர்ப்பதா, நேராக விழும் பகுதி மட்டுமா? அதைத் தீர்மானிக்காமல் எழுதிய உயரம் எதற்கும் உதவாது. ஆகவே எண்ணை மாற்றுகிறவர், எங்கிருந்து எடுத்தார் என்பதையும் அதற்குரிய கட்டத்தில் கட்டாயம் எழுதட்டும். ஆதாரம் இல்லாத எண்ணை இன்னொரு ஆதாரம் இல்லாத எண்ணால் மாற்றுவது திருத்தமே அல்ல.

மலையுச்சிகளில் ஒரு சின்னச் சோதனை உதவும். அடியை மீட்டராக்கிப் பாருங்கள். பிதுருதலாகலை 8,281 அடி, 2,524 மீட்டர். சிவனொளிபாதமலை 7,359 அடி, 2,243 மீட்டர். இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத பதிவு கண்ணில் பட்டால் அங்கே யாரோ இரண்டு வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

24 மார்ச்

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, பழைய டவுனின் கோயிலும் மற்றதும் வெளியே வந்துவிட்டன, கரைக்கோட்டை இப்போதைய நிலைக்கு மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள். கரைக்கோடு நிறைந்த நீர்மட்டத்துக்கு உரியது. பருவத்துக்குப் பருவம் நகர்த்தினால் வரைபடம் நிற்காது. ஆனால் வெளியே தெரிகிற கட்டடங்களை இடிபாடு என்று தனித்தனியாகக் குறிக்க இதுதான் சமயம். போய் நின்று படம் எடுங்கள். 1960களின் கடைசியில் தண்ணீர் நிரம்பியபோது அந்த டவுனில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் மஸ்கெலியாவில் இருக்கிறார்கள். எந்தச் சுவர் எதன் சுவர் என்று கேட்டால் சொல்லுவார்கள். மழை தொடங்கிவிட்டால் மறுபடி எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது.

16 ஏப்ரல்

வருடப்பிறப்புக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் லயத்துக்கு வந்திருக்கிறார்கள். கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற பிள்ளைகள். ஆளுக்கொரு நல்ல போன். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அது வரையச் சொல்லாது, நிற்கிற இடத்தில் கேள்வி கேட்கும். இந்தப் பாதை என்ன தரை? இந்தப் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? இந்தக் கடை இன்னும் இருக்கிறதா? கிரிக்கெட் விளையாடப் போகிற வழியில் பதில் சொல்லிக்கொண்டே போனார்கள். குறுக்குப் பாதைகள் எத்தனை என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. தேயிலைக்குள் ஓடுகிற அந்தக் குறுக்குகளைச் செய்மதி பார்க்காது. நிழல்மரம் மூடியிருக்கும். நடந்தவர்களால் மட்டும்தான் போட முடியும்.

பக்கத்து லயத்துப் பாட்டி, கொழுந்தெடுக்கப் போன காலத்துப் பாதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எந்த நம்பர் மலையில் (தேயிலைப் பகுதியில்) எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் திரும்பவேண்டும், எங்கே அட்டை அதிகம். பேரப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். பாதி வழி இப்போது காடாகிவிட்டது. பாட்டி சொன்ன பாதை என்பதால் காட்டுக்குள் கோடு போடவில்லை. நடக்க முடிந்தவரை மட்டும்தான் பதிந்தோம். மிச்சத்தை அவன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.

19 மே

மழை பிடித்துவிட்டது. ஒருவர் மீரியபெத்தையைப் பற்றி எழுதியிருந்தார். 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தைப் பக்கத்தில் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் எத்தனை வீடு, எத்தனை பேர் என்ற கேள்விக்கு நாளுக்கொரு எண்ணிக்கை வந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். வரைபடம் இருந்திருந்தால் சரிவு நின்றிருக்காது. ஆனால் இங்கே இத்தனை லயம் இருந்தது, இந்தப் பக்கம் கோயில், இந்தப் பக்கம் கடை என்று தோண்டப் போகிறவருக்குக் காட்ட ஒரு தாள் இருந்திருக்கும்.

இதனால்தான் "ஸ்டோர் போதும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. தேயிலை எங்கே காய்கிறது என்று வரைபடத்துக்குத் தெரிகிறது. ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

சரிவு அபாயம் உள்ள இடம் என்று நாமாக எதையும் குறிக்கக் கூடாது. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. நாம் வீட்டையும் பாதையையும் சரியாகப் போடுவோம்.

9 ஜூன்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன சின்ன ரயில். பாதையின் அகலம் இரண்டரை அடி. 1904இல் ராகலை வரை ஓடத் தொடங்கி 1940களில் நின்றுபோனது. அதை முழுக் கோடாக வரைந்தால் அழகாக இருக்கும் என்று இரண்டு பேர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்த வரைபடத்தின் விதி, இன்றைக்குத் தரையில் இருப்பதை மட்டும் போடு என்பது. மண்வெட்டும் கரையும் தெரிகிற இடத்தில் 'கைவிடப்பட்ட ரயில் பாதை' என்று போடலாம். வீடும் மரக்கறித் தோட்டமும் வந்து அடையாளமே இல்லாத இடத்தில் கோடு வேண்டாம். இல்லாமல்போனவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனி இடமே இருக்கிறது. முழு ரயிலையும் அங்கே ஓட்டுங்கள், நானும் வருகிறேன்.

பெயர் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: ஹட்டன், அட்டன் இரண்டையும் போடலாம். ஒன்று தமிழ்ப் பெயர்க் கட்டத்தில், மற்றது மாற்றுப் பெயரில். சண்டை வேண்டாம்.

21 ஜூலை

புது வீடுகள். இந்திய உதவியில் தோட்டங்களில் 4,000 வீடு கட்டும் திட்டம் வந்தது, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. இவை லயம் மாதிரிப் பட்டையாக இருக்காது, தனித்தனிச் சதுரமாக இருக்கும். பழைய செய்மதிப் படத்தில் அந்த இடம் இன்னும் தேயிலையாகவே தெரியும். அதனால் படத்தில் வீடு இல்லை என்று யாரும் அழிக்காதீர்கள். படத்தின் திகதியைப் பாருங்கள், அருகில் இருக்கிறவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு புதுக் குடியிருப்புக்கும் நுழைவாயிலில் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பெயரைத் தனி ஊராகப் போடுங்கள், தோட்டத்தின் பெயருக்குக் கீழே ஒளித்துவைக்க வேண்டாம். சொந்த முகவரி கிடைத்த ஆட்கள் அவர்கள். தோட்டத்து ஒபிஸ் வழியாகக் கடிதம் வந்து, பிரித்துக் கொடுக்கும்வரை காத்திருந்து, நேர்முகப் பரீட்சைத் திகதி தாண்டிய பிறகு கையில் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் தங்கை அதில் ஒருத்தி.

ஆட்கள் போய்விட்ட பழைய லயங்களை உடனே அழிக்காதீர்கள். பாதிக் காம்பராவில் இன்னும் ஆள் இருக்கும். கூரை கழன்று முழுதும் காலியானால் மட்டும் வகையை மாற்றுங்கள்.

4 ஓகஸ்ட்

முதலில் கேள்வி கேட்ட நுவரெலியா வாசகர் போன வாரம் தன் தாய்மாமனின் தோட்டத்தில் மூன்று பிரிவுகளையும் வரைந்து முடித்திருக்கிறார். பார்த்தேன், சுத்தமான வேலை. பிள்ளை மடுவம், டிஸ்பென்சரி, கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம்) எல்லாம் இருக்கின்றன. ஒரே ஒரு திருத்தம்: டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது என்று நீங்களே குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை மருத்துவ வகையில் விடக் கூடாது. காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது அங்கே போய்விடுவார்கள். வெறும் கட்டடமாக மாற்றி, முன்னாள் டிஸ்பென்சரி என்று எழுதுங்கள்.

இன்னும் மிச்சம் இருப்பது: டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஏறும் பாதையின் மேல்பகுதி, மன்றாசியைச் சுற்றிய குறுக்குகள், ஹோல்புரூக் பஸ் நிறுத்தங்கள். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எழுதுங்கள். தடம் இருந்தால் அனுப்புங்கள், வரைவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.